துண்டுக்குள் பேசிய விலை

என் கணவர் மாட்டுத் தரகர். ஒட்டன்சத்திரம் சந்தையில் அவர் வாயால் விலை பேசி நான் பார்த்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்துவார். எந்த விரலுக்கு எத்தனை ஆயிரம் என்பது அவர்களுக்குள் இருக்கிற கணக்கு. சுற்றி நிற்பவர்கள் அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஒன்றும் பிடிபடாது. நான் செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தருகிறவள். இந்தக் கணக்கை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்ன மதுரை டாக்டர், அதே மூச்சில், "தெனம் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா சுகர்காரங்க மாதிரி நீங்கபாட்டுக்கு இருக்கலாம்" என்றார். நானும் என்பாட்டுக்கு இருந்தேன். அந்த மாத்திரையை நம் ஊர்க் கம்பெனிகள் பல செய்கின்றன. போட்டி இருப்பதால் விலை கைக்கு அடக்கம். சில வருஷம் நன்றாகக் கேட்டது. அப்புறம் ஒரு பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மாத்திரைக்கு நோய் சரியாக அடங்கவில்லை, வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும் என்றார்.

மாறிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அந்த மருந்துக்குக் காப்புரிமை இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. டாக்டர் சொன்ன விலையைக் கேட்டதும் என் கணவர், "வருசத்துக்கா?" என்றார்.

"மாசத்துக்கு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் காப்புரிமை முடியுது" என்றார் டாக்டர். "நம்ம கம்பெனிங்க தயாரா நிக்கிறாங்க. வெல சரசரன்னு எறங்கிரும். அதுவரைக்கும் பழைய மாத்திரையையே கூட்டிக் குடுத்து ஓட்டிப் பாப்போம்." ஆக, என் நோயும் காப்புரிமையும் ஓட்டப் பந்தயத்தில் இறங்கின. எது முந்தும் என்பதுதான் என் உயிர்.

என் கணவர் சும்மா இருக்கவில்லை. திண்டுக்கல்லில் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வருவார் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டை கட்டிய மனிதர், கையில் கனத்த பை. என் கணவர் வணக்கம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டார். உள்ளே விரலைப் பிடித்துவிட்டார். அந்த மனிதர் மோதிரத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கையை வெடுக்கென்று இழுத்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"வெல பேசுறேன்."

"வெல அட்டைலயே அச்சடிச்சிருக்கு சார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஆத்தூர்ப் பிரிவு வரைக்கும் அவர் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அப்புறம், "சந்தையில ஒத்த மாடுதான் நிக்கிதுன்னா, அவன் எதுக்கு வெரலக் குடுக்கப் போறான்?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வர ஆரம்பித்தது. ஒரு பெரிய நாட்டோடு நாம் வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நம் நூலுக்கும் துணிக்கும் அவர்கள் வரியைக் குறைக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் கேட்பவற்றில் ஒன்று, மருந்துக் காப்புரிமையை இருபது வருஷத்தோடு முடித்துவிடாமல் இன்னும் நீட்டித் தர வேண்டும் என்பது. நம் தரப்பு மறுப்பதாகச் சொன்னார்கள். பேச்சு ரகசியம் என்பதால் எதுவும் நிச்சயமில்லை என்றும் அதே செய்தியின் கடைசி வரியில் சொன்னார்கள்.

என் தம்பி வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். வெளிநாட்டு ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின்கள் நின்றிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "இந்த ஒப்பந்தம் மட்டும் வந்துருச்சுன்னா மூணு ஷிப்டும் ஓடும்க்கா" என்றான். சொல்லிவிட்டுத்தான் என் மாத்திரை டப்பாவைப் பார்த்தான். அதற்குப் பிறகு குழம்பு நன்றாயிருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான். அன்றைக்கு நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

"யாருக்கு அவசரம் மாப்ள?" என்று கேட்டார் என் கணவர். "அவுங்களுக்கா, நமக்கா?"

"நமக்குத்தான் மாமா. அவுங்களுக்கு நூல் குடுக்க ஊர்ப்பட்ட நாடு இருக்கு."

"அப்ப மொகத்தப் பாத்தே வெலயக் கொறைச்சிருவான்."

தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பெண் காலேஜில் படிக்கிறாள். மில் ஓட வேண்டும் என்று நானும்தான் நினைத்தேன். என்னைக் கொன்றுவிட்டு ஓடாமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

ஒப்பந்தம் முடிந்த அன்று தம்பி மில்லில் கொடுத்த லட்டோடு வந்தான். டிவியில் இரண்டு பேர் கோப்புகளை மாற்றிக்கொண்டு கை குலுக்கினார்கள். மருந்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள்: இரு தரப்பு நலனும் காக்கப்பட்டிருக்கிறது. முழு விவரம் பிறகு வெளியிடப்படுமாம். நான் பாதி லட்டைத் தின்றேன். நல்ல நெய்.

தம்பி போன பிறகும் என் கணவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "துண்டு எடுத்தாச்சு" என்றார். "வெல முன்னாடியே படிஞ்சிருச்சு. இது சும்மா நம்ம பாக்குறதுக்கு."

"துண்டுக்குள்ள என்ன வெலன்னு மாட்டுக்காரனுக்குத் தெரியும்ல?"

"அவனுக்குத் தெரியாமயா?"

"மாட்டுக்கு?"

அவர் எழுந்தார். டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே என் விரல்களைப் பிடித்தார். ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். அது என்ன விலை என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்குந்தான்" என்றார். கையை விடவில்லை.