விடுமுறை நாளின் தண்ணீர்

"ஞாயித்துக்கிழமைத் தண்ணி இங்க என்னிக்கு வரும்?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வெர்லா கேட்டாள். பள்ளியை முடித்த கையோடு வந்தவள் நான். தண்ணீருக்குக் கிழமை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"திங்கக்கிழமை மத்தியானம்," என்றான் படகோட்டி தேய்ன். "இது தெரியாமலா பாஸ் பண்ணே?"

மேலே அணையில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி மூடியிருக்கும், மின்சாரம் கொஞ்சம் போதும், அதனால் தண்ணீரைக் குறைப்பார்கள். அந்தக் குறைச்சல் கிரீன் ஆற்றில் இறங்கி எங்கள் ஊர் ஜென்சனுக்கு வர ஒரு நாள் ஆகும்.

வெர்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. முதலில் பள்ளிச் சமையலறையில் இருந்தாள். பிறகு பத்தொன்பது கோடையாக மீன்குஞ்சு எண்ணும் வேலை. தட்டு எண்ணிய பழக்கத்தில் குஞ்சுகளையும் ஐந்தைந்தாகத்தான் எண்ணுவாள். மணல்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பைக்மின்னோ குஞ்சுகள் வளரும். இந்த ஆற்றுப் படுகைக்கே உரிய மீன் அது. ஆறு இறங்கினால் அந்த ஒதுங்கலின் வாய் மூடிக்கொள்ளும். அதனால் திங்கள்தோறும் காலையில் மூவரும் மண்வெட்டியோடு போய் வாயை ஆழப்படுத்துவோம். இலையுதிர் காலம் வரை அதைத் திறந்தே வைத்திருந்தால் குஞ்சுகள் பிழைக்கும். அந்த ஆண்டு எங்கள் பகுதியில் குஞ்சு இருந்தது ஒரே ஒதுங்கலில். நூற்று நாற்பது.

ஜூலை இருபத்து நான்கு, முதல் குடியேறிகள் வந்ததைக் கொண்டாடும் முன்னோடிகள் நாள், புதன்கிழமை வந்தது. ஊர்வலத்தில் வெர்லா தேவாலய வண்டியில் நின்று மிட்டாய் வீசினாள்.

"குறி பாத்து எறியறியே அம்மணி, மண்டை உடையுது!" என்று கத்தினான் தேய்ன்.

"உன் மண்டையில உடைய என்னடா இருக்கு?"

வியாழக்கிழமை வண்டியைக் கழுவினோம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது ஒதுங்கலின் வாய் மூடிக் கிடந்தது. உள்ளே கையகலக் குட்டை, சுற்றிலும் சேறு, நாரைக் காலடிகள். குட்டைத் தண்ணீர் சூடாக இருந்தது. வெர்லா வலையை ஒரு முறை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். படிவத்தில் சைபர் எழுதினாள்.

"மழையே இல்லையே, எப்படி இறங்குச்சு?" என்று கேட்டேன்.

"நேத்து இறங்கியிருக்கு," என்றான் தேய்ன். "புதன்கிழமை லீவு. அணைக்கு அதுவும் ஞாயித்துக்கிழமைதான்."

எங்கள் வேலை வண்டியில் ஏறியதும் வெர்லா நாட்காட்டியை எடுத்து, இருபத்து நான்கின் மேல் பென்சிலால் 'ஞாயிறு' என்று எழுதினாள். மதியம் சாண்ட்விச் சாப்பிட்டோம். எனக்கு ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

திங்கள் காலை அவள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். குஞ்சு இல்லாத அந்த வாயைத் தோண்டினோம்.

அணைக்கதவை இறக்குகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் இதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்திருக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள்.