அரை அங்குலம்

எங்கள் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காவுக்கு 'அங்குலம்' என்று பெயர் வைத்தது அவருடைய வாடிக்கைக்காரர்கள்தான். கால் அங்குலம் தப்பியிருந்தாலும் தைத்ததைப் பிரித்துப்போட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். துணிக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் கடுப்பில் வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

மெஷின் இருக்கும் அறையின் ஜன்னலை ஒட்டி ஒரு பீச் மரம். உச்சி வெயிலிலும் கண் கூசாமல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அவரால் முடிந்தது அந்த மரத்தின் நிழலால்தான். ஆனால் மரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். வருடம் முழுக்கச் சும்மா நின்றுவிட்டு, பத்தே நாளில் அத்தனை பழத்தையும் கொட்டிவிடும். தின்றது போக, கொடுத்தது போக, மிச்சம் தரையில் அழுகும். குளவி மொய்க்கும்.

மாடியில் குடியிருந்த அக்காவின் கொழுந்தனுக்கு அந்த இடத்தில் கார் ஷெட் போட ஆசை.

"பத்து நாள் பழத்துக்காக வருஷம் பூரா குப்பை அள்ளணுமா அண்ணி? வெட்டிடலாம்."

"வருஷம் பூரா பழம் கிடைச்சா?"

"எப்படி? மரத்துக்கிட்ட கெஞ்சியா?"

"ஃப்ரீசர்ல வெச்சு."

அந்த வருடம் பழங்களை நறுக்கி, பாதியை ஒரே பையில் திணித்தார். மீதியைச் சர்க்கரைப் பாகோடு டப்பாக்களில் விளிம்புவரை நிரப்பினார். ஒட்டுத்துணியைக்கூட வீணாக்காதவர் டப்பாவில் இடத்தை வீணாக்குவாரா? ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது பையில் இருந்தது பழமல்ல, தேநீர் நிறத்தில் ஒரே பாறை. டப்பா மூடிகள் பிளந்து, வழிந்த பாகு, கொழுந்தன் அதே ஃப்ரீசரில் வைத்திருந்த மீன் பொட்டலத்தோடு ஒட்டி உறைந்திருந்தது.

கொழுந்தன் அந்தப் பாறையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணி. கார் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம். ஷெட் மட்டும் வரட்டும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒரு வருஷம் குடுங்க தம்பி. அப்பவும் இப்படியே இருந்தா ரம்பத்தை நானே எடுத்துத் தர்றேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"நான் அளந்துதான் பேசுவேன்."

அன்று பிளந்த டப்பாவைத் துணி வெட்டும் மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். தையலுக்குத் துணி விடாமல் சட்டை வெட்டினால், போட்டவர் மூச்சு விட்டாலே பிரிந்துவிடாதா? பாகு உறையும்போது உப்பும். அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் விட்டுத் தைப்பவர் டப்பாவுக்கு விட மறந்திருந்தார்.

அடுத்த பருவத்தில் பழுத்தும் இறுக்கமாக இருந்த பழங்களை மட்டும் பறித்தார். கொதிக்கும் நீரில் அரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். தோல் தானாகக் கழன்றது. கொட்டையை நீக்கி நறுக்கி, நிறம் மாறாமலிருக்க எலுமிச்சைச் சாற்றில் புரட்டினார். துணியில் காகித அச்சுகளைப் பரப்புவதுபோல, ஒன்றையொன்று தொடாமல் துண்டுகளைத் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் அவை தனித்தனியாகக் கல்லான பிறகே பைக்குள் போட்டுக் காற்றைப் பிதுக்கினார். பாகு ஊற்றிய டப்பாக்களில் டேப்பை வைத்து அளந்து அரை அங்குலம் விட்டார்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பழத்துக்கும் அளவெடுக்கிறியா? பட்டனுக்குக் காஜா போட மறந்துடாத."

ஆறு மாதம் ஓடியது. மரம் மொட்டையாக நின்ற ஒரு காலையில் கொழுந்தன் ரம்பத்தோடு இறங்கி வந்தார். அக்கா முதலில் டப்பாவை எடுத்து வைத்தார். மூடி மட்டமாக இருந்தது. அடுத்து பையைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்தார். துண்டுகள் ஒவ்வொன்றாக, கலகலவென்று, பறித்த அன்றிருந்த அதே மஞ்சளில் விழுந்தன.

கொழுந்தன் லேசில் விடுபவரல்ல. "இருங்க, முழுசா கரையட்டும். கூழாயிடும் பாருங்க."

"துணியில கொஞ்சம் ஈரம் இருக்கறப்பவே இஸ்திரி போடணும் தம்பி. இதுவும் அப்படித்தான். நடுவுல துளி ஐஸ் இருக்கறப்பவே சாப்பிடணும்." கால் மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை நீட்டினார். "ம், எடுங்க."

ஒரு துண்டு போயிற்று. இரண்டு. ஐந்து.

"டேய், தீர்ப்பு சொல்ல எத்தனை துண்டுடா வேணும்?" என்றார் கணவர்.

கொழுந்தன் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே ஜன்னலைப் பார்த்தார். "ஷெட்டை முன்பக்கம் போட்டுக்கலாம்னு தோணுது." பிறகு அசட்டுச் சிரிப்போடு, "இந்த ரம்பத்தை என்ன அண்ணி பண்றது?"

"மேல ஒரு கிளை காஞ்சு கிடக்கு. அதை மட்டும் எடுங்க." அக்கா மேசையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். "இருங்க, கோடு போட்டுத் தர்றேன். கோட்டைத் தாண்டக் கூடாது."