பின்கண்ணாடியில் விழுந்த வெள்ளைக் கோடு

சலவைக்காரி வெளுத்த விரிப்பை மாடியில் உலர்த்தினால் நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் புகுந்துகொள்ளும். சரி, கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எதிர்வீட்டுக்காரர் கண் கூசி ஜன்னலைச் சாத்துவது சத்தியம்.

வெளுத்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவளுடைய கிழட்டு வேன். அதன் பின்கதவுக் கண்ணாடி பொருந்தி மூடாது; மழை வந்தால் உள்ளே ஒழுகும். போன வாரம் ஈர விரிப்புகளைத் தொட்டுப் பார்த்த தலைமை நர்ஸ், “இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்மா” என்று சொல்லிவிட்டார். வீட்டில் அடுப்பெரிவதே அந்த வேலையால்தான். இன்றோ காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கறை போகாவிட்டால் இன்னொரு தரம் சோப்புப் போடு என்பது சலவைக்காரியின் வேதம். ஆகவே கண்ணாடியின் வலது கீழ்மூலையில் சொட்டும்போதெல்லாம் அங்கேயே பசையை அப்பினாள். மூலை குளவிக்கூடு மாதிரி வீங்கியதுதான் மிச்சம். இன்றும் பசைக் குழாயோடு குனிந்தாள்.

“அந்த மூலைக்கு என்ன கல்யாணமா அண்ணி? ஓயாம அலங்காரம் பண்றீங்க?”

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த நாத்தனார். கணவனின் தங்கை; ஊசியைவிட வாய் கூர்மை.

“பேசறவ வந்து செய்யேன்டி.”

செய்தாள். துணியின் ஒரு பக்கம் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபக்கத்தை அதன்மேல் வைத்துத் தட்டினால் அங்கேயும் கோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தையல் வழக்கத்தையே வேனுக்குக் கொண்டுவந்தாள். கதவோர ரப்பர் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து, கண்ணாடியை அழுத்தி மூடித் திறந்தாள். சுற்றிலும் வெள்ளைக் கோடு. வலதுபக்கம் மேலே ஒரு சாண் மட்டும் வெறுமை.

“இங்க ரப்பர் கழண்டு சாஞ்சு கெடக்கு. தண்ணி மேல நுழைஞ்சு, ஓரமா ஓடி, உங்க மூலையில சொட்டுது. பத்தாததுக்கு உங்க பசை மேடு வேற கண்ணாடிய ஒக்காரவே விடல!”

நோவு ஓரிடம், மருந்து ஓரிடம். சலவைக்காரி பசையைச் சுரண்டினாள். நாத்தனார் ரப்பரை விளிம்பில் ஏற்றி அழுத்தினாள். மறுபடி சாக்பீஸ், இம்முறை கோடு முழுதாக விழுந்தது. மழையும் விழுந்தது.

யாரோ அவசரமாகக் கேட்ட ரவிக்கையைக் கை பாதி தைத்தபடியே மெஷினில் விட்டுவிட்டு, நாத்தனாரும் வேனில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பின்பக்கம் திரும்பித் திரும்பி மூட்டைகளைத் தடவிப் பார்த்தாள். தினமும் சண்டை போடுகிற இவள்தான் தன் சோற்றைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டே சலவைக்காரி வண்டியை ஓட்டினாள்.

நர்ஸ் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். “நல்லா காஞ்சிருக்கே! நாளைக்கும் வந்துடுங்க.”

“எல்லாம் இவ புண்ணியம்மா,” சலவைக்காரி நாத்தனாரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். “அவ்வளவு மழையிலயும் வண்டிக்குள்ள ஒரு சொட்டு எறங்கலயே!”

“எறங்குச்சு,” என்றாள் நாத்தனார், பிடரியைத் துடைத்துக்கொண்டே. “என் பக்கத்து ஜன்னல் வழியா. அதுக்கும் பசைய எடுத்துடாதீங்க அண்ணி.”