மச்சானுக்கு நாலு மணி

தினமும் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவனுக்கு மறதி அதிகம் என்றால் எல்லோரும் நம்புவார்கள். எல்லைப் பாலத்து நெரிசலிலேயே பாதி மூளை தீர்ந்துவிடும். மனைவியை மருத்துவரிடம் அழைத்துப்போக இரண்டு முறை மறந்த பிறகு, நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கைபேசியில் குறித்துவைக்கும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பாடு அரை மணி நேரம். அம்மாவோடு ஃபோன் பத்து நிமிடம். வேலைகள் ஒழுங்காக நடந்தன, பொய் சொல்லக்கூடாது. கூடவே தலைக்கனமும் ஏறியது.

அந்தத் தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தோம். எங்கள் ஊரில் அதற்கு நேரம் காலம் கிடையாது. கேட் திறந்திருந்தால் யாரும் வரலாம், சாப்பிடலாம். நான் விருந்தாளிகளையும் கட்டத்துக்குள் அடைத்தேன். பதினொரு மணிக்கு அலுவலகத்தார், ஒரு மணிக்கு அக்கம்பக்கத்தார், நாலு மணிக்கு மனைவியின் உறவு. உறவு என்றால் ஒரே ஆள், அவளுடைய அண்ணன். பெற்றோர் போனபிறகு, கோத்தா திங்கிப் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குலை வெட்டி அவளைப் படிக்க வைத்தவர்.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய நேரத்தை அவர் பார்க்கவில்லை. பதினொன்றே காலுக்கு முறுக்கு டின்னோடு வந்து நின்றார். உள்ளே என் மேலாளர் அம்மையார் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், உங்களுக்கு நாலு மணிக்குத்தான் போட்டிருக்கேன். கொஞ்சம் வெளிய போர்ச்ல உக்காருங்க லா.”

“பரவால்ல மாப்ள, நீங்க வந்தவங்கள கவனிங்க.”

மனைவி அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள். “மாப்ள சொன்ன நேரத்துக்கே சாப்புடுறேம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். எச்சில் தட்டுகளை வாங்கி வெளிக்குழாயில் கழுவ ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

மேலாளர் கிளம்பும்போது தன் தட்டையும் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு மட்டும் வைத்த வேலையாளா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னால் மன்னிப்பு, அறிமுகம் என்று நேரம் இழுக்கும். அதைவிட, சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

தோட்டத்து மானேஜர்களிடம் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். எனக்குப் பின்னால் கறித் தட்டோடு நின்ற மனைவிக்கும் புரிந்தது.

சரியாக நாலு மணிக்கு வெளியே போனேன். “வாங்க மச்சான், சாப்புடலாம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “தட்டெல்லாம் கழுவியாச்சு மாப்ள. வேற வேல ஏதாச்சும் இருக்கா? இல்லன்னா பஸ்ஸுக்குக் கெளம்புறேன்.” குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். தெருமுனையில் அவர்தான் ஏதோ சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார். வந்தாள். மிச்சக் கறியை டப்பாவில் போட்டு மூடினாள்.

ஆறு வருடமாகிறது. அவர் அதற்குப் பிறகு என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளியும் விடிந்ததும் அவள் குளித்து, புதுப்புடவை கட்டி, கோத்தா திங்கிக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “வேணாங்க. அங்க வர்ற எல்லாருக்கும் நீங்க யாருன்னு நான் சொல்லணும்” என்றாள்.