சேரப்பணஞ்சேரியில் ஒரு கொசுவலை

சேரப்பணஞ்சேரியில் என் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றும்போது, பின்னாலிருக்கும் வாடகை அறைகளிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிடுகிறார். "அக்கா, ஒரு கை குடுங்க. கொசுவலை கட்டணும்."

அறையில் ஒடிசாவிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண் தனியாக இருக்கிறாள். கணவன் கம்பெனியில் ஷிப்டு. ரத்தம் எடுத்த விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறாள். சோதனையில் மலேரியா இல்லை.

"மொத புள்ள, ஊர்ல இருக்கசொல்ல மலேரியா வந்து வயித்துலயே பூடுச்சாம். இவ வூட்டுக்காரர் சொன்னாரு" என்கிறார் நர்ஸ்.

"இப்பத்தான் மாத்திரை இருக்கே?"

"இருக்குது. ஆனா சில மாத்திரைக்கு கிருமி அடங்க மாட்டேங்குதுக்கா. வராம பாத்துக்கினாதான் உண்டு."

நான் ஜன்னல் கம்பியில் கயிற்றை முடிச்சிடுகிறேன். நர்ஸ் அடுத்த அறைக்குப் போகிறார். அந்தப் பெண் பட்டப்பகலிலேயே வலைக்குள் நுழைந்து, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்கிறாள். வயிற்றின் மேல் கை வைத்து, என்னிடம் ஒடியாவில் ஏதோ சொல்லத் தொடங்குகிறாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. தலையாட்டுகிறேன். அவள் குரல் வேகமெடுக்கிறது.

வண்டி தயார் என்று கடைக்காரர் கத்துகிறார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறேன்.