மலர் வாய் திறக்க வேண்டிக்கொண்டேன்

2016 ஆடி மாதம். என் கண்ணெதிரே ஒரு குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் நான் படித்திருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மாரியம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

நான் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். குழந்தைகள் மனநலம் படித்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக்கில் பயிற்சியில் இருந்தேன். மனசுக்கு வைத்தியம் என்று தனியாக போர்டு மாட்டினால் எங்கள் பக்கம் ஒருவரும் படியேற மாட்டார்கள். பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். அதனால் காய்ச்சல், வயிற்றுவலி பார்க்கிற டாக்டரம்மாவின் அறையிலேயே எனக்கும் ஒரு நாற்காலி. அவர் உடம்பைப் பார்த்து முடித்த கையோடு நான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். வெளியே டோக்கன் கூட்டம் இருமிக்கொண்டிருக்கும்.

அங்கேதான் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து மலர் வந்தாள். அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஒன்பது வயசுப் பிள்ளை. அவள் அப்பா மஞ்சள் காமாலை முற்றி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. கொஞ்ச நாளில் சாப்பாடும் நின்றது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை.

"பயந்துகினு கெடக்குதுங்க. மந்திரிச்சும் பாத்துட்டேன்," என்றார் அவள் அம்மா செல்வி.

படம் வரையச் சொன்னேன். பொம்மை வைத்து விளையாடினேன். கதை சொல்லிக் குரங்குச் சேட்டையெல்லாம் செய்து பார்த்தேன். நான் கோமாளி ஆனதுதான் மிச்சம். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்ப்பாள். ஒவ்வொரு முறை வரும்போதும் எடை இறங்கியிருந்தது.

"சனிக்கிழமை அட்மிட் பண்ணிடலாம். மூக்குல குழாய் விட்டுத்தான் ஆகணும். அதையும் தாங்குவாளான்னு தெரியல," என்றார் டாக்டரம்மா.

அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்தப் படிப்பே வேண்டாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பக்தியோடு போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கோபத்தோடுதான் போனேன். "ஆத்தா, அந்தப் பிள்ளைக்கு வாயைக் குடு. இல்லன்னா எனக்குப் புத்தியைக் குடு," என்று சண்டை போட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பால்குடத்தோடு ஒரு அம்மா பிராகாரம் சுற்றி வந்தார். வாயில் மஞ்சள் துணிக் கட்டு. வேண்டியது முடியும்வரை வாய் திறப்பதில்லை என்கிற வாய்ப்பூட்டு வேண்டுதல். அவர் குழந்தை முந்தானையைப் பிடித்து இழுத்து எதையோ கேட்டு அழுதது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வருஷா வருஷம் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்று உடம்பு சிலிர்த்தது. இந்த அம்மாவால் பேச முடியும். வாக்குக் கொடுத்துவிட்டதால் பேசவில்லை. மலரின் முகமும் இதே முகம்தான்.

மறுநாள் காலை துணிப்பையும் பிளாஸ்க்குமாக அட்மிஷனுக்கு வந்திருந்தார்கள். நான் மலர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, நீ ஆத்தாகிட்ட வாய்ப்பூட்டு வேண்டிக்கிட்டியா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. தலையாட்டினாள்.

"அப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேச மாட்டேன்னா?"

அதற்கும் தலையாட்டினாள். செல்வி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். டாக்டரம்மா எழுந்து, வராண்டாவிலேயே மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போனார்.

கோயிலில் வாங்கிய திருநீறு என் பையில் இருந்தது. "நீங்களே பூட்டை எடுத்து விடுங்கக்கா," என்று செல்வியிடம் கொடுத்தேன். அவர் மகள் நெற்றியில் பூசி, முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தார். "போதும் கண்ணு. ஆத்தா ஏத்துக்கினா. பேசு."

தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"நான் அன்னிக்கே பேசிட்டேம்மா. போன்ல 'அப்பா'ன்னு கூப்ட்டுட்டேன். அதான் அப்பா செத்துட்டாரு."

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மலர் வேண்டிக்கொண்டிருக்கிறாள். கடைசி நாளில் செல்வி அங்கிருந்து போன் செய்து அவர் காதில் வைத்திருக்கிறார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை மலரின் காதில் வைத்திருக்கிறார். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். அன்றே அப்பா போய்விட்டார். தானே அப்பாவைக் கொன்றுவிட்டதாக நினைத்து, தன்னைத் தண்டித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

செல்விதான் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி, அதக் கேக்கத்தான்டி உங்கப்பா உசுரப் புடிச்சிகினு இருந்தாரு. நீ கூப்ட்ட, அவரு 'ம்'முன்னாரு. அதுக்கப்புறம் அவரு யாருக்கும் 'ம்' சொல்லல."

இரண்டு பேரும் அழுத அழுகையில் வராண்டாவே அடங்கிப்போனது. பிளாஸ்க்கிலிருந்த பாலில் பாதியை மலர் குடித்தாள். மூக்கில் குழாய் விடத் தேவைப்படவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் அப்பா வரப்போவதில்லை. ரொம்ப நாள்வரை போன் அடித்தாலே அவள் நடுங்குவாள். நான் கேட்டபடி ஆத்தா அவளுக்கு வாய் கொடுத்தாள். அதிலிருந்து வந்த முதல் வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் அன்று அந்தப் பால்குடத்தை என் எதிரே வரவைத்தவள் ஆத்தாதான். பயிற்சியை முடித்தேன். அதே நாற்காலியில்தான் இன்றும் இருக்கிறேன். பேசாத பிள்ளை வந்தால், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால் ஆத்தாவிடம் அழுங்கள், சண்டையும் போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கூடவே டாக்டரிடமும் கூட்டிப் போங்கள், அங்கேயும் அவள்தான் இருக்கிறாள்.

வருஷா வருஷம் ஆடியில் கூழ் ஊற்றுகிறேன். போன வருஷம் மலர் தூக்குவாளியோடு வந்தாள். அதில் கூழை வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு டம்ளரையும் நீட்டினாள். "இது அப்பாவுக்குக்கா," என்றாள்.