நைனாவின் வாயில் என் மூன்று விரல்

மாலை ஐந்து ஐம்பது. உத்திரமேரூர் பேருந்து அப்போதுதான் போயிருந்தது. தெருவில் விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் வாய். கண்ணாடி முன்னால் நின்று, தன் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, வாந்தி வருதா?" என்றேன். விரல்களை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா கிராம சுகாதாரச் செவிலியர், ஊருக்கு நர்சம்மா. தடுப்பூசி, கர்ப்பிணிகள், குழந்தைகளின் எடை என்று நாலு கிராமங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. அந்த வாரம் அவளுக்கும் மற்ற செவிலியர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி. பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, வலி வந்தபின் பல்லைப் பிடுங்குவதைவிட வலி வருமுன் வாயைப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். கடைசி நாளுக்கு ஆளுக்கொரு தாள். பத்துப் பேரின் வாயைப் பார்த்து எழுதிவர வேண்டும். சொத்தை, ஈறில் ரத்தம், கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை என்று கட்டங்கள் போட்டிருந்தது. கடைசிக் கட்டம், விரல்.

அம்மா டார்ச் பிடிக்க, நான் தாளும் பேனாவுமாகப் பின்னால் போனேன். மூன்றாம் வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர். முதல் ஆள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பார்க்கச் சொன்ன உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஏண்டி நர்சு, ஊசி போட கைய கேப்ப. இப்ப வாய்க்குள்ளயே பூந்துட்டியா?"

"சும்மா தொறக்கா. அவங்கவங்க விரலு மூணு உள்ள போவணும். பாக்குப் பொட்டலம் போட்டுக்கினே இருந்தா கன்னம் உள்ள நாரு மாதிரி இறுகிப் பூடுமாம். வாய் கொஞ்சங் கொஞ்சமா சின்னதாயிடும். அப்பிடியே வுட்டா புத்துநோய்ல கொண்டுபோய் வுடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

பெரியம்மாவின் வாயில் மூன்று விரல் போனது. பற்கள்தான் பாதி இல்லை. கடைத்தெருவில் பாக்குச் சரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மளிகைக்காரர், "நான் விக்கிறதோட சரி நர்சம்மா" என்று பெருமையாக வாயைத் திறந்தார். அவருக்கும் மூன்று. ஏழு மணிக்குள் ஒன்பது பேரை முடித்துவிட்டோம்.

பத்தாவது ஆள் நைனா, என் அப்பா. நடவுக்கு முந்தைய சேற்றுழவு நடந்த நாட்கள் அவை. டிராக்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சேறு காய்ந்த கால்களோடு வந்தவரிடம் அம்மா டார்ச்சை நீட்டினாள்.

"காத்தாலேர்ந்து சேத்துல கீறேன். இப்ப இன்னா பேஜாரு? ஊர்ல எவனாச்சும் கொட்டாவி வுட்டுக்கினு இருப்பான், அவன எழுதிக்கோ."

"நாளைக்குத் தாள குடுக்கணுங்க."

"ஒன்பதே போதும் போ."

அந்த நேரம் பார்த்துக் காலனியிலிருந்து ஆள் வந்து, நிறைமாதக்காரி ஒருத்திக்கு இடுப்பு வலிக்கிறது என்று அம்மாவைக் கூட்டிப்போனான். தாளும் டார்ச்சும் என் கையில் இருந்தன. நைனா யாருக்கு இல்லை என்றாலும் எனக்கு இல்லை என்றதில்லை.

"நீதான் டாக்டரா? ஃபீஸு எவ்ளோ?" என்றார். பிறகு விரல்களைப் பார்த்துக்கொண்டார். "என் கை பூரா கிரீஸு. உன் விரல வெச்சுப் பாரு."

கையைக் கழுவிவந்து வைத்தேன். பற்கள் லேசாக உரசின. ஏலக்காயும் பாக்கும் கலந்த வாசனை வந்தது. மூன்றும் உள்ளே போயின. அழகாக 'மூன்று' என்று எழுதினேன்.

அம்மா திரும்பி வந்து, வலி பொய்வலிதான் என்றாள். தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அவரா தொறந்தாரு?"

"நான்தாம்மா வெச்சேன். ஈஸியா பூந்துச்சு."

அம்மா என் வலது கையை எடுத்தாள். மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்து, தன் விரல்களோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவள் விரல் இரண்டுக்குக்கூட என்னுடைய மூன்று வரவில்லை. அழுக்கு பார்க்கிறாள் என்று நினைத்து, "கழுவிட்டேம்மா" என்றேன்.

நைனா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாகவே குழம்பை ஒதுக்கி மோர்ச்சோறுதான் சாப்பிடுவார். காரம் எரிகிறது என்பார். அம்மா தன் சமையலைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சண்டை போடுவாள். அன்று தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தொறங்க."

"அதான் உன் பொண்ணு பாத்துட்டாளே" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். அவருடைய விரல் ஒன்று நுழைந்தது. இரண்டாவது பல்லில் இடித்து நின்றுவிட்டது.

டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்பக்கத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள். வெளிச்சம் சுவரில் ஆடியது.

"கை வலிக்குதாமா? நான் புடிக்கவா?" என்று கேட்டேன். நைனா, வாயை மூடாமலே, இடது கையால் அம்மாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் நின்றது.

ஊரையெல்லாம் சிரிக்கவைக்கிற மனிதர் பயந்துபோயிருந்தார் என்பதோ, என் விரல் சின்னது என்று தெரிந்தேதான் அதைக் கேட்டார் என்பதோ எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் காலை நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவோடு பயிற்சிக்குக் கிளம்பினார். ஒன்பது பேர் தாளில் போகிறார்கள், என் நைனாவை மட்டும் டாக்டரம்மா நேரில் பார்க்க விரும்புகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இருவரும் ஏழு பத்துப் பேருந்தில் ஏறினார்கள். அன்று எங்கள் டிராக்டர் உழவுக்குப் போகவில்லை.